சீழைக் கீறி எடுத்தாயிற்று, ஆன்டிபயாடிக் எழுதவில்லையே?

போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த லாரி ஓட்டுநர் டிஸ்சார்ஜ் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசனவாய் ஓரத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்த சீழ்க்கட்டியை முதல் நாள் இரவுதான் கீறிவிட்டிருந்தார்கள். சீட்டில் பாராசிட்டமால், மலம் இளக ஒரு சிரப், வெந்நீரில் உட்காரச் சொல்லி ஒரு வரி. அவ்வளவுதான்.

"சிஸ்டர், டாக்டர் ஆன்டிபயாடிக் எழுத மறந்துட்டாரு போல. நானே மெடிக்கல்ல கேட்டு வாங்கிக்கிடவா?"

"மறக்கலண்ணே. உங்களுக்கு அது தேவைப்படல" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தால் நம்பினது மாதிரி தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவருக்கும் அதே கட்டிதான், அவருக்கு மட்டும் இரண்டு வகை மாத்திரை ஏழு நாளைக்கு எழுதியிருந்தது. தனக்கு ஏதோ குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆண்கள் சர்ஜரி வார்டில் 22 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இந்தக் கேள்வி அலுக்காமல் வந்துகொண்டே இருக்கிறது. சீட்டில் ஆன்டிபயாடிக் இல்லாத நோயாளி வெளியே போய்த் தானாக வாங்கிப் போடுகிறார். சீட்டில் இருக்கிற நோயாளி வலி நின்றதும் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார். இரண்டு பேருக்காகவும், வீட்டில் அவர்களுக்குக் கட்டு மாற்றிவிடும் மனைவிக்கும் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கட்டி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆசனவாய்க்குள் சுமார் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, எட்டுப் பத்து இருக்கும். அதில் ஒன்றின் வாய் அடைத்துக்கொண்டால், குடலில் எப்போதும் இருக்கிற கிருமிகள் உள்ளே பெருகிச் சீழ் பிடிக்கும். அந்தச் சீழ் தசைகளுக்கு நடுவே வழி தேடி வெளித்தோல் பக்கம் வந்து வீங்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது. ஊரில் சூட்டுக்கட்டி என்பார்கள், விளக்கெண்ணெய் தடவுவார்கள், மூலம் என்று நினைத்துக் கருணைக்கிழங்கு சமைத்துக் கொடுப்பார்கள். இது சூட்டினாலும் வருவதில்லை, மூலமும் இல்லை.

மாத்திரை எப்படி வேலை செய்யும்? ரத்தத்தோடு கலந்து போய்த்தான். சீழ் தேங்கிய குழிக்குள் ரத்த ஓட்டமே கிடையாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கின மருந்தாக இருந்தாலும் அந்தக் குழிக்குள் தேவையான அளவு போய்ச் சேராது. அதனால் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் வைத்தியம். மற்றவை எல்லாம் அதற்குத் துணை.

என் தம்பிக்கே 2014இல் இது வந்தது. வெட்கப்பட்டு, நர்ஸாக இருக்கிற அக்காவிடமே சொல்லவில்லை. ஒரு மெடிக்கலில் மூலம் என்று சொல்லி செட் மாத்திரை வாங்கி ஒன்பது நாள் போட்டிருக்கிறான். முதல் இரண்டு நாள் காய்ச்சல் இறங்கியது, அதை நம்பிவிட்டான். சீழ் அடங்காமல் பக்கவாட்டில் பிட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் உட்கார முடியாமல், ஆட்டோவின் பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்தபடி வந்தான். ஆபரேஷன் தியேட்டரில் கத்தி வைத்ததும் ஒரு கிட்னி டிரே, அந்த வளைந்த தட்டு, நிறையச் சீழ் வந்தது. அந்த வாடை எனக்குப் பழக்கம்தான், ஆனால் அன்றைக்கு என்னால் நிற்க முடியவில்லை. மயக்கம் தெளிந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, வலியே இல்லக்கா." ஒன்பது நாள் மாத்திரை செய்யாததைப் பத்து நிமிஷக் கீறல் செய்தது.

சரி, கீறின பிறகு யாருக்கு ஆன்டிபயாடிக் வேண்டும்? அமெரிக்கப் பெருங்குடல், மலக்குடல் அறுவை மருத்துவர்கள் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், எங்கள் டாக்டர்கள் வார்டில் பார்க்கிற கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நல்ல உடல்நிலையில் இருக்கிற ஒருவருக்குக் கட்டி ஒரே இடத்தில் இருந்து, சீழ் முழுசாக வெளியேறிவிட்டால், வழக்கமாக ஆன்டிபயாடிக் தேவையில்லை. கட்டியைத் தாண்டிச் சுற்றுத்தோல் சிவந்து, சூடாகி, கெட்டிப்பட்டிருந்தால் வேண்டும். காய்ச்சல், குளிர்நடுக்கம், நாடித்துடிப்பு அதிகம் என்று உடம்பு முழுக்கப் பாதிப்பு தெரிந்தால் வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வேண்டும்: புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், எச்.ஐ.வி. கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள். கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவர்களுக்கும் டாக்டர்கள் பெரும்பாலும் எழுதிவிடுவார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இதயத்தின் உள்சவ்வில் கிருமித் தொற்று வந்தவர்கள், பிறவியிலேயே சில வகை இதயக் கோளாறு உள்ளவர்கள். இவர்களுக்குக் கீறுவதற்கு முன்பே ஒரு டோஸ் போட வேண்டும். கட்டியைக் கீற வந்த இடத்தில் நெஞ்சு ஆபரேஷனை எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

ஆகவே சீட்டைக் கையில் வாங்கும்போது டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "எனக்குச் சுற்றிச் சிவப்பு இருக்கிறதா? சீழ் முழுசாக வந்துவிட்டதா? ஆன்டிபயாடிக் வேண்டுமா, வேண்டாம் என்றால் எதனால்?" இப்படிக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார்.

சிவப்பைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதற்கு வார்டில் ஒரு வழி வைத்திருக்கிறோம். சிவந்திருக்கும் தோலின் விளிம்பைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதிவிடுவோம். மறுநாள் சிவப்பு கோட்டுக்குள் சுருங்கியிருந்தால் நல்லது. கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுவோம். வீட்டிலும் இதைச் செய்யலாம். நம் கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருக்கும் இடமும், அழுத்தினால் கெட்டியாக இருக்கும் இடமும் எதுவரை போகிறதோ அதுவரை கோடு.

சர்க்கரை நோயாளிகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தக் கட்டியோடு வந்துதான் தனக்குச் சர்க்கரை இருப்பதையே முதல்முறை தெரிந்துகொண்டவர்கள் எங்கள் வார்டில் நிறையப் பேர். பக்கத்துக் கட்டில் பெரியவரும் அப்படித்தான், வந்த அன்று சர்க்கரை 380. அந்த அளவு இருக்கும்போது வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டை போடத் திணறும், புண்ணும் ஆறாது. அவருக்கு ஆன்டிபயாடிக்கோடு இன்சுலினும் போட்டோம். மாத்திரையை மட்டும் எண்ணி எண்ணிச் சாப்பிட்டுவிட்டு இன்சுலினை விட்டுவிட்டால் பலன் இல்லை.

இவர்களில் சிலருக்கு, அபூர்வமாக, தொற்று விதைப்பை, தொடையிடுக்குப் பக்கம் மளமளவென்று பரவித் சதையையே அழுகவைக்கும். ஃபோர்னியர் கேங்ரீன் என்பார்கள். தோல் கறுப்பது, அழுத்தினால் நறநறவென்பது, பார்க்கிற அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, இதெல்லாம் அதன் அடையாளம். மணிக்கணக்கில் முற்றும், உயிருக்கே ஆபத்து. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த அபாயம் உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. நீங்கள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையின் அட்டையை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

இப்போது பவுத்திரம். "ஆன்டிபயாடிக் சாப்பிட்டா பவுத்திரம் வராதாமே?" என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். சீழ்க்கட்டி வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை, உள்ளே இருக்கிற சுரப்பிக்கும் வெளித்தோலுக்கும் நடுவே ஒரு குழாய் மாதிரிப் பாதை நிலைத்துவிடும். அதுதான் பவுத்திரம். மாத்திரையால் அதைத் தடுக்க முடியுமா என்று உலகம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். துருக்கியில் 2011இல் வந்த ஆய்வில் பத்து நாள் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் மருந்து சாப்பிட்டவர்களில் 37 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கும் பவுத்திரம் வந்திருந்தது. மருந்து உதவவில்லை. ஈரானில் ஷிராஸ் நகரத்தில் 2017இல் வந்த ஆய்வில் சிப்ரோஃப்ளாக்சசினும் மெட்ரோனிடசோலும் ஏழு நாள் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் மருந்து சாப்பிட்டவர்களுக்கு 14 சதவீதம், சாப்பிடாதவர்களுக்கு 30 சதவீதம். அங்கே உதவியது போலத் தெரிகிறது. இப்படி ஒன்றுக்கொன்று நேர்மாறாக வந்திருப்பதால்தான் ஒரு டாக்டர் எழுதுகிறார், இன்னொருவர் எழுதுவதில்லை. இரண்டு பேருமே யோசித்துத்தான் செய்கிறார்கள். எழுதியிருந்தால் சாப்பிடுங்கள், எழுதவில்லை என்றால் நீங்களாக வாங்காதீர்கள்.

நீங்களாக வாங்கக்கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வார்டில் சீழை எடுத்து கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். இரண்டு மூன்று நாளில் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தாளில் வருகிறது. சாதாரண மாத்திரைகளுக்கு நேரே "அடங்காது" என்று குறித்து வரும் தாள்களை நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எப்போதாவதுதான் பார்த்தேன். இப்போது அது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. தேவையில்லாத நேரத்தில் போடும் மாத்திரைதான் இந்தக் கிருமிகளை வளர்த்துவிடுகிறது. அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து என்று மக்களுக்குச் சொல்லத்தான் 2016இல் மத்திய அரசு அந்தக் கோட்டைப் பற்றி விளம்பரமே செய்தது.

சரி, உங்களுக்கு எழுதியிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள். இரண்டாம் நாளே வலி நின்றுவிடும். அது கீறியதால் நின்ற வலி, மாத்திரையின் கணக்கு முடியவில்லை. எழுதிய நாள்வரை முடியுங்கள், அதற்கு மேல் நீட்டவும் வேண்டாம்.

மெட்ரோனிடசோல் என்றால் வழக்கமாக 400 மில்லிகிராம், மூன்று வேளை. மூன்று வேளை என்றதும் எல்லோரும் காலை எட்டு, மதியம் ஒன்று, ராத்திரி எட்டு என்று போடுகிறார்கள். இரவு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம் மருந்தே இல்லாமல் போகிறது. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று வையுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் அட்டையின் பின்னால் பேனாவால் உதிக்கிற சூரியன், உச்சிச் சூரியன், நிலா என்று வரைந்து கொடுப்பேன். வாயில் இரும்பு நக்கினது போல் ஒரு ருசி இருக்கும், சிறுநீர் கறுத்துப் போகலாம், இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். மது மட்டும் கூடவே கூடாது. மாத்திரை ஓடும் நாட்களிலும், முடிந்து மூன்று நாள் வரையிலும் ஒரு சொட்டுகூட வேண்டாம். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம்.

சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் என்றால் காலை, இரவு இரண்டு வேளை. இதைப் பாலோடும் தயிர், மோரோடும் போடாதீர்கள், மருந்து உடம்பில் சரியாகச் சேராமல் வெளியே போய்விடும். தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு உடனே போடுவதுதான் நம் ஊரில் வழக்கம், அதனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சல் ஜெலுசில் எல்லாம் அதே கதைதான். சிப்ரோவை முதலில் போட்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்து அவற்றை எடுங்கள். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம், வியர்த்துக் கை நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் குடியுங்கள். குதிகாலுக்குப் பின்னால் உள்ள தசைநாண் சுண்டி வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் வாருங்கள். அப்புறம் முதுகுவலிக்குக் கொடுக்கும் டைசானிடின். இதைச் சிப்ரோவோடு சேர்க்கவே கூடாது, ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி மயங்கி விழுவீர்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் பலர் முதுகுவலி மாத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார்கள், அதில் டைசானிடின் கலந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள்.

அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 என்றால் வயிறு இளகலாம், அதனால் சாப்பாட்டோடு போடுங்கள். பென்சிலின் ஒவ்வாதவர்கள் இதைத் தொடக்கூடாது. எந்த ஆன்டிபயாடிக்காக இருந்தாலும் உடம்பெல்லாம் தடித்தால், உதடு வீங்கினால், மூச்சு இறுக்கினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் மறந்ததை விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

மாத்திரை உண்டோ இல்லையோ, வெந்நீர் எல்லோருக்கும் உண்டு. அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று முறையும் மலம் கழித்த ஒவ்வொரு முறையும் உட்காருங்கள். சூட்டை முழங்கையால் பாருங்கள். சர்க்கரையால் உணர்ச்சி மரத்துப்போனவர்கள் வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், வெந்துவிடும். டெட்டால் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், மேலே தூவும் ஆன்டிபயாடிக் பவுடரும் வேண்டாம். பவுடர் கட்டிதட்டி வாயை அடைத்துக்கொள்ளும். வெளிவாய் சீக்கிரம் மூடாமல், குழி அடியிலிருந்து தூர்ந்து வர வேண்டும். தையல் போடாமல் விட்டிருப்பதும் அதற்குத்தான். முன்பெல்லாம் குழிக்குள் காஸ் துணியை இறுக்கித் திணிப்போம், மாற்றும்போது ஆட்கள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். பிரிட்டனில் 2022இல் வந்த ஒரு ஆய்வில் திணிக்காமல் விட்டவர்களுக்கு வலி குறைவு, பவுத்திரமும் கூடவில்லை. இப்போது எங்கள் டாக்டர்களும் பலருக்கு மேலே பஞ்சுப்பட்டை மட்டும் வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நிம்மதி.

முதல் சில நாள் ரத்தம் கலந்த நீர் கசியும், அது இயல்பு. காய்ச்சல் திரும்பினால், குறைந்த வலி மறுபடி ஏறினால், பேனாக் கோட்டைச் சிவப்பு தாண்டினால், சிறுநீர் போக முடியாமல் அடைத்தால், அன்றைக்கே வாருங்கள், ராத்திரியானாலும் சரி. கீறின இடத்துக்குள் இன்னொரு குழியில் சீழ் தங்கியிருக்கலாம். அதற்கு மறுபடி திறந்துவிடுவதுதான் வழி, மாத்திரையை மாற்றிப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். ஆறு வாரம், எட்டு வாரம் ஆகியும் ஜட்டியில் தினம் ஒரு பொட்டு ஈரம் படிந்தால் அது பவுத்திரமாக இருக்கலாம். அவசரமில்லை, ஆனால் சர்ஜரி ஓ.பி.க்கு வந்து காட்டுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் காசநோய்க்கும், குடலை நாள்பட அழற்சியாக்கும் குரோன் நோய்க்கும் சோதித்துப் பார்ப்பார்கள்.

வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, கல்ச்சர் தாள், சாப்பிட்டு முடித்த மாத்திரைகளின் காலி அட்டைகள், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வாருங்கள். எந்த மருந்து கொடுத்துக் கேட்கவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன கொடுப்பது என்று டாக்டர் முடிவு செய்ய முடியும். என் தம்பியிடம் அப்படி எதுவும் இருக்கவில்லை. கத்தரித்து, காகிதக் கவரில் போட்டுக் கொடுத்த மாத்திரைகள். அந்த ஒன்பது நாளும் அவன் என்ன சாப்பிட்டான் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.